விமானியின் கண்முன் எழுதும் ஒளி



கோவைக்குக் கிழக்கே சூலூர் விமானப்படைத் தளத்துக்கு 2018-ல் தேஜஸ் போர் விமானங்கள் வந்தன. அவற்றின் இரைச்சல் இந்த வட்டாரத்து மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. நிமிர்ந்து பார்ப்பதற்குள் விமானம் கண்ணை விட்டுப் போயிருக்கும். அந்த விமானத்தின் எஞ்சினைப் பற்றியும் ஏவுகணைகளைப் பற்றியும் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது, விமானியின் முகத்துக்கு நேரே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடித் தகட்டை. அதன் பெயர் ஹெட்-அப் டிஸ்ப்ளே. விமானிகள் சுருக்கமாக ‘ஹட்’ என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அது எதற்காக வந்தது என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே புரிந்துகொள்ளலாம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 250 மீட்டர். தரைக்கு மேலே 60 மீட்டர் உயரத்தில் அந்த வேகத்தில் போகும் ஒருவர், வேகமானியைப் பார்க்கக் குனிகிறார், எண்ணைப் படிக்கிறார், நிமிர்கிறார். இதற்கு இரண்டு நொடி ஆனது என்று வையுங்கள். அரை கிலோமீட்டர் தூரத்தை அவர் முன்னால் பார்க்காமலே கடந்துவிட்டார். அந்த அரை கிலோமீட்டருக்குள் ஒரு குன்று இருக்கலாம், மின்கம்பி இருக்கலாம், எதிரி விமானமும் இருக்கலாம்.

குனிந்து நிமிர்வதோடு வேலை முடிவதில்லை. தொலைவில் இருக்கும் மலையைப் பார்த்த கண், ஒரு கை நீளத்தில் இருக்கும் கருவிப் பலகையைப் பார்க்க வேண்டுமானால் தன் லென்ஸின் குவியத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏற இந்த மாற்றம் மெதுவாகிறது. வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே பலகையில் நிழல்; கண்ணின் பாவையும் சுருங்கி விரிய வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ், விமானிகள் கருவிகளைப் பார்த்துத் தரையிறங்கும்போது அவர்களுடைய கண்கள் எங்கெங்கே போகின்றன என்பதைப் படம்பிடித்து ஆராய்ந்தார். எந்தக் கருவியில் எவ்வளவு நேரம் பார்வை தங்குகிறது, எதிலிருந்து எதற்குத் தாவுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் எண்களாகக் கிடைத்தன. விமானத்தை வடிவமைப்பவர் விமானியின் கண்ணையும் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆய்வுகளால் வேரூன்றியது. அதை நான் மிகப் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன்.

சரி, அந்த எண்களையெல்லாம் முன்கண்ணாடியிலேயே எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வீட்டு ஜன்னல் கம்பி வழியாகத் தெருவைப் பாருங்கள், கம்பி மங்கலாகிவிடும். கம்பியில் ஊரும் எறும்பைப் பாருங்கள், தெரு மங்கிவிடும். கண்ணாடியின் மேல் எழுதினாலும் இதே கதைதான். எழுத்து கண்ணுக்கு நேரே இருந்தால் மட்டும் போதாது, வெளி உலகம் எந்தத் தொலைவில் இருக்கிறதோ அந்தத் தொலைவிலேயே அதுவும் இருக்க வேண்டும்.

இதற்கான விடை நம் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. குவிலென்ஸின் குவியத்தில் ஒரு பொருளை வைத்தால், அதிலிருந்து கிளம்பும் கதிர்கள் லென்ஸைத் தாண்டியதும் இணைகதிர்களாகப் போகும். அந்தக் கதிர்கள் கண்ணுக்குள் நுழையும்போது, பொருள் ஈறிலாத் தொலைவில் இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும். இணைகதிர்களைச் சாய்வான ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பச் செய்தால் போதும். கண்ணாடி வழியாக வெளி உலகமும் தெரியும், அதன் மேலேயே குறியும் தெரியும், இரண்டும் ஒரே நேரத்தில் தெளிவாக இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. தலையைச் சற்று அப்படி இப்படி நகர்த்தினாலும் குறி தொலைவிலுள்ள இலக்கை விட்டு விலகாது.

இதைத் துப்பாக்கிக்கான குறிபார்க்கும் கருவியாக்கி 1900-ல் காப்புரிமை பெற்றவர், டப்ளின் நகரத்துத் தொலைநோக்கித் தயாரிப்பாளர் ஹவர்ட் கிரப். இடையில் ஒரு செய்தி. அதே கிரப் செய்த 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று புனேயிலிருந்த வானாய்வகத்தில் இருந்து, அது மூடப்பட்ட பின் 1912-ல் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. நட்சத்திரத்தைப் பார்க்க லென்ஸ் தேய்த்த கைகளிலிருந்துதான் போர் விமானத்தின் இந்தக் கண்ணாடியும் பிறந்தது.

கிரப்பின் முறையில் அமைந்த கருவியை 1918-ல் ஜெர்மானியர்கள் தங்கள் போர் விமானங்களில் பொருத்திச் சோதித்துப் பார்த்தார்கள். அடுத்த உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களில் அது சாதாரணமாகிவிட்டது. ஆனால் ஒளிவட்டம் நடுவில் அசையாமல் நிற்கும். பறக்கும் இலக்குக்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்பதை விமானியே மனக்கணக்குப் போட வேண்டும். பிரிட்டிஷ் பொறியாளர்கள் அந்த வட்டத்தை ஒரு கைரோவோடு, அதாவது விமானம் திரும்பும் வேகத்தை உணரும் சுழல் கருவியோடு, இணைத்தார்கள். எதிரி விமானத்தின் இறக்கை அகலத்தை விமானி முன்கூட்டியே குறித்துவைப்பார். துரத்தும்போது த்ராட்டில் கைப்பிடியைத் திருகி, வட்டத்தை எதிரியின் அளவுக்குச் சரிசெய்வார். மற்றக் கணக்கைக் கருவி பார்த்துக்கொள்ளும். வட்டம் தானாகவே நகர்ந்து, சுட வேண்டிய இடத்தைக் காட்டும். கண்ணாடியில் தெரியும் குறிக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது இங்கேதான்.

இரவில் பறந்த வேட்டை விமானங்களில் வேறொரு சிக்கல் இருந்தது. ரேடாரைப் பார்ப்பவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர். ‘இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், மேலே’ என்று அவர் சொல்ல இவர் திருப்புவதற்குள் எதிரி நழுவிவிடுவான். விமானிக்கே தனியாக ஒரு ரேடார் திரை வைத்துப் பார்த்தார்கள். ஒளிரும் திரையைப் பார்த்துவிட்டு இருட்டு வானத்தைப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனவே 1942-ல் ரேடார் படத்தையே முன்கண்ணாடியில் விழச் செய்து சோதித்தார்கள். பிறகு மாஸ்கிட்டோ விமானங்களில் வந்த புதிய ரேடார், செயற்கைத் தொடுவானத்தையும் சேர்த்துக் காட்டியது. குறிபார்ப்பது, பறப்பது ஆகிய இரண்டும் ஒரே ஒளிப்படத்துக்குள் வந்துவிட்டன.

முழுமையான ஹட் படையில் பணிக்கு வந்தது பிரிட்டிஷ் கடற்படையின் பக்கனீர் விமானத்தில். அதன் முதல் மாதிரி 1958 ஏப்ரல் 30 அன்று பறந்தது. சோவியத் போர்க்கப்பல்களின் ரேடாருக்குத் தென்படாமல் அலைகளை ஒட்டியே பறந்து போய்த் தாக்க வேண்டும் என்பது அதற்கு இட்ட வேலை. அவ்வளவு தாழ்வில் பறப்பவருக்குக் குனியவே நேரமில்லை. ஹட் இல்லாமல் அந்த வேலை நடக்காது. அமெரிக்காவின் ஏ-7 கோர்சேர் விமானத்துக்குப் போன ஹட்டும் இங்கிலாந்தின் எலியட் நிறுவனத்தில் உருவானதுதான்.

இனி நான் சொல்லப்போவதைச் சற்று நின்று கவனியுங்கள். ஹட் என்றதும் வேகம், உயரம், திசை என எண்கள் மிதக்கும் காட்சிதான் நினைவுக்கு வரும். இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் உயரம் என்பது பெரும்பாலான விமானங்களில் வழக்கம். அந்த எண்கள் பயனுள்ளவைதாம். ஆனால் ஹட்டின் உயிர் அவற்றில் இல்லை. நடுவே ஒரு சிறு வட்டம், அதற்கு இரண்டு பக்கமும் இறக்கை போல இரண்டு கோடு, மேலே வால் போல ஒரு கோடு. பறக்கும் பாதையைக் காட்டும் குறி அது. என் கணக்கில் ஹட் என்ற கருவியின் பெருமை முழுவதும் அந்த ஒரு குறியில் அடங்கியிருக்கிறது.

காரணம் சொல்கிறேன். விமானத்தின் மூக்கு பார்க்கும் திசை ஒன்று. விமானம் உண்மையில் போகும் திசை வேறொன்று. ஓடுபாதையை நோக்கி 3 பாகைச் சரிவில் இறங்கும் போர் விமானம், மூக்கை மேலே தூக்கியபடிதான் இறங்கும். மூக்கு வானத்தைப் பார்க்கிறது, உடல் தரைக்கு வருகிறது. பின்பக்கத்தில் கிடைவால் இல்லாத முக்கோண இறக்கை விமானங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதல்; தேஜஸ் அந்த வகை. பக்கக் காற்று அடித்தால் இடவலமாகவும் விலகும். பழைய கருவிகளை வைத்துக்கொண்டு விமானி இதை ஊகிக்க வேண்டியிருந்தது. விமானத்தின் முடுக்கத்தை இடைவிடாமல் அளந்து, அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று கணக்கிடும் கருவிகள் வந்த பிறகு அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போனது. வட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விமானம் போய்ச் சேரும். ஓடுபாதையின் தொடக்கத்தில் வட்டத்தை வைத்துக்கொண்டால் அங்கே இறங்கும். குன்றின் முகட்டுக்குக் கீழே வட்டம் இருந்தால் மோதும், முகட்டுக்கு மேலே இருந்தால் தாண்டும். இதைப் படிக்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும்.

இந்தச் சிந்தனையை விடாப்பிடியாக முன்னெடுத்தவர் பிரெஞ்சுச் சோதனை விமானி கில்பர்ட் க்ளாப்ஃஸ்டைன். பாதை, இறக்கை காற்றைச் சந்திக்கும் தாக்குகோணம், தொடுவானம், ஓடுபாதையின் வடிவம் எல்லாம் வெளி உலகத்தில் அவை இருக்க வேண்டிய இடத்திலேயே தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஒரு விமானத்தில் கற்ற குறிகள் இன்னொரு விமானத்துக்கும் பொருந்த வேண்டும் என்று குறிகளுக்கு ஒரு பொது ஒழுங்கையும் அவர் வகுத்தார். தொடுவானத்துக்கு மேலே ஏறுகோணத்தைக் காட்டுவது முழுக் கோடு, கீழே இறங்குகோணத்தைக் காட்டுவது விட்டுவிட்டு வரும் கோடு என்பது போன்ற வழக்கங்கள் இன்று பெரும்பாலான போர் விமானங்களில் இருக்கின்றன. தலைகீழாகப் பறக்கும் ஒருவர், எது வானம் எது கடல் என்று ஒரு கணத்தில் தெரிந்துகொள்வதற்கு அந்த இடைவெளிகள் உதவுகின்றன.

கருவியைச் செய்து முடிப்பது எளிதான காரியம் இல்லை. வெயிலில் வெள்ளைவெளேரென்று மின்னும் மேகத்தின் முன்னாலும் குறி தெரிய வேண்டும். நள்ளிரவில் அதே குறி கண்ணைக் கூசவைக்கக் கூடாது. பல ஆண்டுகளாக இதற்குப் பயன்பட்டது, மிகுந்த ஒளி தரும் ஒரு சிறிய கேத்தோடு கதிர்க்குழாய். அதன் பச்சை ஒளி 545 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியது. பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணரும் நிறத்துக்கு மிக அருகில் இருப்பது. சினிமாவில் பார்க்கும் ஹட் எழுத்துகள் பச்சையாக இருப்பதற்கு அழகு காரணம் இல்லை, இதுதான் காரணம். 1980-களில் ஹோலோகிராம் முறையில் செய்த கண்ணாடிகள் வந்தன. அந்த ஒரு பச்சையை மட்டும் அவை திருப்பி அனுப்பும். மற்ற நிறங்கள் ஏறக்குறைய முழுதாக ஊடுருவிப் போகும். வெளி உலகமும் மங்கவில்லை, பார்வைப் பரப்பும் 30 பாகை வரை அகன்றது. இரவில் வெப்பக் கேமரா எடுக்கும் படத்தையும் அதிலேயே காட்ட முடிந்தது.

துல்லியத்தைப் பாருங்கள். ஒரு மில்லிரேடியன் பிசகினால் ஒரு கிலோமீட்டர் தொலைவில் குறி ஒரு மீட்டர் தள்ளி விழும். விமானத்தின் வளைந்த மேல்மூடியே ஒளியைக் கொஞ்சம் வளைக்கும். அதையும் கணினி ஈடுசெய்ய வேண்டும். பறவை மோதினால் கண்ணாடி நொறுங்கி விமானியின் கண்ணில் தெறிக்கக் கூடாது. ஆபத்தில் இருக்கை அவரைத் தூக்கி வெளியே வீசும்போது, முழங்காலோ கையோ எதிலும் இடிபடாமல் இருக்கக் கருவி முன்னாலேயே ஒதுங்கி நிற்க வேண்டும். லென்ஸைப் பெரிதாக்கினால் பார்வைப் பரப்பு கூடும், ஆனால் விமானி அறையில் இடம் இல்லை. இத்தனை நெருக்கடிக்குள் செய்யப்படும் ஒளியியல் வேலை இது.

அந்த வேலையை நம் நாட்டவர் செய்திருக்கிறார்கள் என்பதை இந்த மேடையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சண்டிகரில் இருக்கும் மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் தேஜஸ் விமானத்துக்கான ஹட்டை வடிவமைத்தது. பஞ்ச்குலாவில் இருக்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை அதைத் தயாரிக்கிறது. உலகில் போர் விமானம் வாங்கும் நாடுகள் பல. அதன் ஹட்டைத் தானே செய்துகொள்ளும் நாடுகள் சில மட்டுமே. ஏவுகணை ஏவினால் செய்தித்தாளில் முதல் பக்கம் கிடைக்கிறது. லென்ஸுக்கு மெருகேற்றியவர்களுக்கு அது கிடைப்பதில்லை. அவர்களுடைய உழைப்பை நாம் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குண்டை இப்போது விட்டால் எங்கே விழும் என்பதையும் ஹட் தொடர்ந்து கணக்கிட்டுக் காட்டிக்கொண்டே இருக்கும். இது கொல்வதற்கும் உதவும் கருவி. அந்தத் துல்லியத்தால் குறி தவறிப் பக்கத்து ஊர் அழிவது குறையலாம். எங்கே குறிவைப்பது என்பது மனிதர் எடுக்கும் முடிவு, அந்தப் பொறுப்பைக் கண்ணாடி ஏற்காது. இயற்பியல் படித்தவன் என்ற முறையில் இந்தக் கருவியின் நுட்பத்தை வியக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது ஹட்டின் குறைக்கு வருகிறேன். உங்கள் நேரத்தைக் கேட்டு வாங்கியதே இதைச் சொல்லத்தான்.

1980-ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ரிச்சர்ட் ஹெய்ன்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். அனுபவமுள்ள பயணிகள் விமான விமானிகளைப் சிமுலேட்டரில் உட்காரவைத்து, ஹட்டோடும் ஹட் இல்லாமலும் தரையிறங்கச் சொன்னார்கள். ஒரு தடவை மட்டும், முன்னறிவிப்பு இல்லாமல், அவர்கள் இறங்க வேண்டிய ஓடுபாதையிலேயே இன்னொரு பெரிய விமானத்தை நிறுத்திக் காட்டினார்கள். ஹட்டைப் பார்த்து இறங்கியவர்களில் சிலர் அதைக் கவனிக்கவே இல்லை. எண்களையெல்லாம் சரியாக வைத்துக்கொண்டு, நேரே அதன் மேல் இறங்கப் போனார்கள். பிறகு பதிவைக் காட்டியபோது அவர்களாலேயே நம்ப முடியவில்லை.

கண் இரண்டையும் ஒரே தொலைவில் தெளிவாகப் பார்த்தது. கவனம் ஒன்றில்தான் இருந்தது. கிரப் காலத்திலிருந்து ஒளியியல் தீர்த்துவைத்த சிக்கல் கண்ணின் குவியம் சார்ந்தது. மனத்தின் குவியம் அப்படியே கிடந்தது. அச்சடித்த எழுத்து போல் ஒரே இடத்தில் நிற்கும் எண்கள், மனத்தை வெளி உலகத்திலிருந்து பிரித்துத் தங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கின்றன. 1990-களில் அதே ஏம்ஸ் மையத்தில் டேவிட் ஃபாயில், ராபர்ட் மெக்கான் ஆகியோர் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். எண்களையும் குறிகளையும் நிலப்பரப்பில் நட்டுவைத்த பலகை போல, வெளிக்காட்சியோடு சேர்ந்தே நகரும்படி காட்டினால் என்ன ஆகும்? கவனம் பிரியும் சிக்கல் குறைந்தது. பாதையைக் காட்டும் வட்டம் ஏன் அவ்வளவு நல்ல குறி என்பதும் இதிலிருந்து விளங்கும். அது வெளி உலகத்தோடு ஒட்டியது, அதைப் பார்ப்பதும் வெளியைப் பார்ப்பதும் ஒரே செயல். வேகத்தின் எண்ணுக்கு அந்தத் தன்மை கிடையாது.

போர் விமானிகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. திரையில் குறிகள் மலிந்தால் விமானிகள் பொத்தானை அழுத்திப் பாதியை அணைத்துவிடுகிறார்கள். அதற்கென்றே ஒரு வசதியும் இருக்கிறது. செங்குத்தாகத் தலைகுப்புறப் பாயும்போது ஹட்டின் சின்னப் பரப்புக்குள் தொடுவானமே வராது. கோடுகள் கடகடவென்று ஓடும். அந்த நேரத்தில் கருவிப் பலகையில் இருக்கும் முழு உருண்டைச் செயற்கைத் தொடுவானமே நம்பகமானது என்று பலர் குனிந்து பார்க்கிறார்கள்.

இதற்கு அடுத்த படி தலைக்கவசம். மிக்-29 விமானத்தின் விமானி தலையைத் திருப்பி, கவசத்தோடு இணைந்த குறியை எதிரி மேல் வைத்து ஆர்-73 ஏவுகணைக்கு இலக்கைக் காட்ட முடியும். ஜெர்மனி ஒன்றான பிறகு கையில் கிடைத்த மிக்-29 விமானங்களைப் பறந்து பார்த்த மேற்கு நாட்டு விமானிகள் அதன் வலிமையைக் கண்டு திகைத்தார்கள். அமெரிக்காவின் எஃப்-35 விமானத்தில் ஹட் கண்ணாடியே இல்லை. எல்லாம் கவசத்தின் முகக்கண்ணாடியில் தெரியும். பார்க்கும் திசையெல்லாம் திரை என்பது பெரிய வசதி. ஆனால் 2 கிலோ கவசம் 9 ஜி திருப்பத்தில், அதாவது எடை ஒன்பது மடங்காகும் திருப்பத்தில், கழுத்தின் மேல் 18 கிலோவாக அழுத்தும். தலை திரும்பும் வேகத்துக்குக் குறி ஒரு கணம் பின்தங்கினாலும் அது பொய் சொல்லும். ரஃபேல் போன்ற விமானங்கள் கவசத்தோடு ஹட்டையும் வைத்துக்கொண்டிருக்கின்றன. அதுவே சரியான முடிவு என்று எனக்குப் படுகிறது. அசையாமல் விமானத்தோடு பிணைந்த ஒரு கண்ணாடியின் துல்லியத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

போர் விமானத்திலிருந்து இறங்கி இந்தக் கருவி இப்போது நம் ஊர்க் கார்களுக்கும் வந்துவிட்டது. நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையிலேயே சில கார்களில் கிடைக்கிறது. காரில் அது பெரும்பாலும் சில மீட்டர் தொலைவிலேயே பிம்பத்தைக் காட்டுகிறது. விமானத்தில் நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே யாரும் சாலையைக் குறுக்கே கடப்பதில்லை. நம் சாலையில் குழந்தை ஓடிவரும், மாடு நிற்கும், விளக்கில்லாத சைக்கிள் வரும். வேகத்தையும் திரும்ப வேண்டிய இடத்தையும் காட்டுவதோடு காரின் ஹட் நின்றுவிட வேண்டும். அழைப்பவரின் பெயரையும் பாட்டின் பெயரையும் அதில் கொண்டுவந்து வைப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன்.

இங்கே வந்திருக்கும் பொறியியல் மாணவர்களில் பலர் நாளை கார் நிறுவனங்களிலும் விமானக் கருவி நிறுவனங்களிலும் வேலைக்குப் போவீர்கள். ஒளியியலை நன்றாகப் படியுங்கள். அதோடு கவனத்தைப் பற்றிய உளவியலையும் ஒரு பாடமாக எடுத்துப் படியுங்கள். திரையில் புதிதாக ஒரு குறியைச் சேர்க்கச் சொல்லி உங்களிடம் ஒருவர் வந்தால், எதிர்பாராத ஒன்றைக் குறுக்கே நிறுத்தி, பத்துப் பேரை ஓட்டவைத்துப் பாருங்கள். ஒருவர் அதைப் பார்க்கத் தவறினாலும் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.